யானைமலை ஏன் அங்கே நிற்கிறது?



மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது, இடப்புறத்தில் ஒரு பெரிய யானை படுத்திருப்பதுபோல் ஒரு மலை தெரியும். நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். செடி கொடி அதிகமில்லாத வழுவழுப்பான பாறை. அதுதான் யானைமலை. நகருக்கு மேற்கே பாம்புபோல் நீண்டு கிடக்கிறது நாகமலை. திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் இருக்கிறது பசுமலை. மதுரையை அழிப்பதற்காக ஏவப்பட்ட யானையும் நாகமும் பசுவும் கல்லாய்ச் சமைந்து இம்மலைகளாயின என்பது பழங்கதை. உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கதையைக் கட்டியவர்கள் நல்ல பார்வையாளர்கள். சுற்றிலும் சமவெளி, நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் பரந்து கிடக்கின்றன. அதன் நடுவே, தொடர்பே இல்லாமல், ஒற்றைப் பாறையாய் ஒரு மலை நிற்கிறது. இது வியப்புக்குரியது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். வியப்புக்கு ஒரு விடையும் சொன்னார்கள்.

விஞ்ஞானமும் அதே வியப்பில்தான் தொடங்குகிறது. ஆனால் அது இன்னும் ஓர் அடி மேலே செல்கிறது. "இந்த விடை சரியானால் நிலத்தில் வேறு என்ன அடையாளம் இருக்க வேண்டும்?" என்று கேட்கிறது. பிறகு நேரில் போய் அந்த அடையாளத்தைத் தேடுகிறது. அடையாளம் இல்லையென்றால் விடையைக் கைவிட்டு விடுகிறது, அந்த விடையைச் சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும் சரி.

இந்த முறையில் நாமும் யானைமலையை விசாரிப்போம். இந்த விசாரணை மலையோடு நிற்காது. கடைசியில் உங்கள் வீட்டுக் கிணற்றில் வந்து முடியும்.

மூன்று ஊகங்கள்

மலை எப்படி வந்தது என்பதற்கு நம்மால் மூன்று ஊகங்களைச் சொல்ல முடியும். ஆராய்ச்சியில் இவற்றைக் கருதுகோள்கள் என்பர்.

முதல் ஊகம்: பழங்காலத்தில் ஆறோ கடலோ கொண்டுவந்து குவித்த மணலும் சேறும் இறுகி மலையாயின.

இரண்டாம் ஊகம்: எரிமலை ஒன்று வெடித்து, அதன் குழம்பு வெளியே வழிந்து ஆறி மலையாயிற்று.

மூன்றாம் ஊகம்: மலை எங்கிருந்தும் வரவில்லை. முன்பு நாற்புறமும் அதே உயரத்துக்குப் பாறை இருந்தது. சுற்றியிருந்த பாறை தேய்ந்து போய்விட்டது. தேயாமல் எஞ்சியது மலையாக நிற்கிறது.

எந்த ஊகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது முக்கியமல்ல. ஒவ்வொன்றும் சரியானால் கல்லில் என்ன தெரியவேண்டும் என்பதுதான் முக்கியம். ஆறு குவித்ததானால், உருண்டு தேய்ந்த கூழாங்கற்களும் மணல் அடுக்குகளும் கல்லுக்குள் தெரியவேண்டும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் மணற்கல்லின் இடையே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அங்கே இந்த ஊகம் பொருந்தும். எரிமலைக் குழம்பு வெளியே வந்து விரைவில் ஆறியதானால், கல்லின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும் கறுத்த தக்காணப் பாறை அத்தகையது. அது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு.

இனி மதுரைக் கல்லைப் பார்ப்போம்.

கல்லின் சாட்சி

இதற்காக யானைமலையில் சுத்தியலால் தட்ட வேண்டாம். அந்த மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் உள்ளன. ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது. வீடு கட்டுமிடத்தில் குவிந்து கிடக்கும் கருங்கல் ஜல்லியில் நாலைந்து துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்து, வெயிலில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

கல் ஒரே பொருளால் ஆனதல்ல என்பது உடனே தெரியும். கண்ணாடித் துண்டுபோல் மங்கலாக மின்னும் மணிகள் குவார்ட்ஸ். தனியாகப் பெரிய கட்டியாகக் கிடைத்தால் இதைத்தான் வெங்கச்சங்கல் என்கிறோம். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தோடு பளிச்சிடுபவை ஃபெல்ஸ்பார். ஏடு ஏடாக உரியக்கூடிய கறுப்புத் தகடுகள் மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே, அந்த இனம். பல துண்டுகளில் இந்த மணிகள் கலைந்து கிடக்காமல், கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக நீண்டிருக்கும். இவ்வாறு பட்டைகள் உள்ள கல்லை நிலவியலார் நைஸ் என்பர். மதுரை வட்டாரத்தில் இத்தகைய கல்லே மிகுதி.

கூழாங்கல் இல்லை, மணல் அடுக்கு இல்லை. ஆகவே முதல் ஊகம் விழுந்தது. மணிகளோ கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு பெரியவை. இதன் பொருள் என்ன? ஒரு சோதனை செய்து பாருங்கள்.

சோதனை 1. கடையில் படிகாரம் வாங்கிப் பொடி செய்யுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி, இரண்டு தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். மற்றொன்றைத் துணியால் சுற்றி, அசையாத மூலையில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். விரைவில் ஆறிய தம்ளரில் மாவுபோன்ற பொடி படியும். மெல்ல ஆறியதில் பட்டை தீட்டியதுபோன்ற பெரிய படிகங்கள் வளர்ந்திருக்கும்.

மணிகள் பெரிதாக வளரக் காலம் வேண்டும்; சூடு மெல்லக் குறைய வேண்டும். திறந்த வெளியில் பாறை அப்படி ஆறாது. பூமிக்குள் ஆழத்தில், கனத்த பாறைப் போர்வைக்கு அடியில்தான் அது நடக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் அதையே சொல்கின்றன. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை பிசையப்பட்ட மாவுபோல் இளகி நீண்டிருக்கிறது. ஆகவே இரண்டாம் ஊகமும் நிற்கவில்லை.

எஞ்சியது மூன்றாவது. ஆனால் "மற்றவை விழுந்தன, ஆகவே இது உண்மை" என்று சொல்லிவிட விஞ்ஞானம் இடம் தராது. இதற்கும் தனியே சாட்சி வேண்டும்.

எவ்வளவு ஆழம்? எவ்வளவு காலம்?

செங்கல் சூளையில் வேலை செய்பவரிடம் ஒரு செங்கல்லைக் கொடுங்கள். நிறத்தைப் பார்த்தும் தட்டி ஓசையைக் கேட்டும், அது நன்றாக வெந்ததா, அரைவேக்காடா என்று சொல்லிவிடுவார். நிலவியலாரும் அதைப்போலவே பாறையின் வேக்காட்டைக் கணிக்கிறார்கள். கார்னெட் போன்ற சில கனிமங்கள் குறிப்பிட்ட அளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் குறிப்பிட்ட சேர்க்கையோடு உருவாகின்றன. இதைச் சோதனைச்சாலை உலைகளில் செய்து பார்த்து அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். அந்த அட்டவணைப்படி, மதுரைப் பகுதிப் பாறைகள் பூமிக்குள் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. வெப்பம் 800 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். சில இடங்களில் 900 டிகிரியையும் தாண்டியது.

காலத்தைச் சொல்லுவது சிர்க்கான் என்னும் சிறு மணி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம். அது உருவாகும்போது சிறிது யுரேனியத்தைத் தன்னுள் அடைத்துக்கொள்கிறது. யுரேனியம் ஓயாமல் சிதைந்து ஈயமாக மாறுகிறது. ஒரு வகை யுரேனியத்தில் பாதி ஈயமாக மாறச் சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். இந்த வேகம் வெயிலுக்கும் மழைக்கும் மாறாதது. எனவே மணிக்குள் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் அதன் வயது கிடைத்துவிடும். இவ்வாறு அளந்ததில், மதுரைப் பாறைகள் கடைசியாகக் கடும் வெப்பத்தில் வெந்த காலம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று தெரிகிறது. அதற்கு முன்பும் அவை வேறு உருவில் பாறைகளாகவே இருந்தன.

இதே காலத்தில், இதே விதமாக வெந்த பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவின் கிழக்கு ஓரத்திலும் உள்ளன. அக்காலத்தில் இந்நிலங்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஆயின. பிறகு பிரிந்து விலகிச் சென்றன. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் கூறியபோது பலர் ஏற்கவில்லை. கடலடித் தரையை அளந்து போதிய சான்று கிடைத்த பிறகு, 1960-களில் உலகம் ஏற்றுக்கொண்டது. இன்று நிலவியலார் தென்னிந்தியப் பாறைகளில் ஒரு பெரும் பகுதிக்கே மதுரைத் தொகுதி என்று பெயரிட்டு ஆராய்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல்லை இன்று நாம் கையால் தொடுகிறோம். அப்படியானால் அதன்மேல் இருந்த 25 கிலோமீட்டர் பாறையும் 55 கோடி ஆண்டுகளில் அகன்றுவிட்டது. 25 கிலோமீட்டர் என்பது 2 கோடியே 50 லட்சம் மில்லிமீட்டர். 55 கோடியால் வகுத்தால் ஆண்டுக்கு 0.045 மில்லிமீட்டர். உங்கள் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒரு தாள் கனம்!

இது சராசரிக் கணக்கு. எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் தேய்ந்திருக்காது. பூமியின் அசைவும் பாறையை மேலே உயர்த்தியிருக்கிறது. ஆயினும் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மலைகளைக் கரைக்க ஊழிப் பெருவெள்ளம் தேவையில்லை. மழையும் வெயிலும் போதும், காலம் மட்டும் நிறைய வேண்டும். மூன்றாம் ஊகத்துக்கு நாம் தேடிய சாட்சி இதுவே.

ஒரு கல்லறைக் கல்லின் கதை

கல்லைக் கூர்ந்து பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயரின் வணிகத் தலத்தை அமைத்த ஜாப் சார்னக் என்பவரின் கல்லறை அந்நகரின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். வங்காளத்துக்கு அது அயல் கல். சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையோடு அது ஒத்துப்போயிற்று. 1893-இல் அவர் அந்தப் பாறை வகைக்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியல் நூல்களில் அந்தப் பெயர் வழங்குகிறது. மதுரைத் தொகுதியின் மலைகள் பலவும் சார்னக்கைட்டால் ஆனவையே.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை முதலில் விரிவாக எழுதியவர் அதே நிறுவனத்தின் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவரது அறிக்கை 1883-இல் வெளிவந்தது. 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. சரளை மேட்டில் கிடந்த ஒரு கல்லைக் கண்டு, இது தானாக உடைந்ததல்ல, மனிதன் செதுக்கியது என்று உணர்ந்தார். அந்த வழியில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். அவர் நின்று பார்த்தார்.

போன பாறை எங்கே?

சுற்றியிருந்த பாறை தேய்ந்தது என்றால் அது எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறை விரிசலுக்குள் இறங்கி, ஃபெல்ஸ்பாரை அரித்துக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் எளிதில் அரிபடாது, மணலாக உதிர்கிறது. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்து மண்ணுக்குச் செந்நிறம் தருகின்றன. ஆக, பாறையிலிருந்து களியும் மணலும் செம்மண்ணும் பிறக்கின்றன. மேற்கே வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை இவற்றை வாரிக்கொண்டு வந்து வழிநெடுகப் பரப்புகிறது. எஞ்சியதைப் பாக் நீரிணைப் பக்கம் கொண்டு சேர்க்கிறது.

சோதனை 2. வைகை மணல் ஒரு பிடியைக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை ஒரு மெல்லிய தாளில் சுற்றி அதன்மேல் இழுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவை காந்த இரும்புத்தாது. மலைப் பாறையில் மணியாகப் பதிந்திருந்ததுதான், உதிர்ந்து இங்கே வந்திருக்கிறது.

சோதனை 3. கண்ணாடிப் புட்டி ஒன்றில் கால்பங்கு தோட்டத்து மண்ணும் முக்கால்பங்கு நீரும் விட்டு, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். முதலில் சரளையும் மணலும், பிறகு வண்டல், கடைசியில் களி என்று அடுக்காகப் படியும். நீர் வேகமாக ஓடும்போது பெரிய மணலைத் தூக்கும். தேங்கி நின்றால்தான் களி படியும். ஒரு நிலத்தில் கனத்த களி அடுக்கைக் கண்டால், முன்பு அங்கே நீர் அமைதியாகத் தேங்கியது என்று ஊகிக்கலாம்.

மதுரையில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. திருமலை நாயக்கர் மகால் கட்டச் செங்கல் அறுப்பதற்கு மண் எடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்பார்கள். இதைக் கேட்டதும் புவி விஞ்ஞானி என்ன நினைப்பார்? "செய்தி உண்மையானால் அந்த இடத்தில் பாறை மேலாக இராது, செங்கல்லுக்கேற்ற வண்டலும் களியும் கனமாக இருக்க வேண்டும்" என்று நினைப்பார். பிறகு அக்கம்பக்கத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது போய்ப் பார்ப்பார். கேட்ட கதையைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதே ஆராய்ச்சியின் முதல் படி.

கீழடி சொல்வது

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் வைகைக் கரையோரம் கீழடி இருக்கிறது. 2014-15-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. செங்கல் கட்டடங்களும் உறைக்கிணறுகளும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது, 200 சென்டிமீட்டரில் கிடைத்தது கி.மு. 205-ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அடியில் இருப்பது முதியது, மேலிருப்பது இளையது. 1669-இல் ஸ்டெனோ என்னும் டென்மார்க் அறிஞர் வகுத்த விதி இது. உங்கள் புட்டியிலும் இதைத்தான் கண்டீர்கள்.

இங்கும் ஒரு கணக்கு. 353-க்கும் 200-க்கும் இடையே 153 சென்டிமீட்டர். அது படிய 375 ஆண்டு. நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். ஆனால் அதற்கு மேலுள்ள 200 சென்டிமீட்டர் சேர 2,200 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு 9 சென்டிமீட்டர்தான். ஏன் இந்த வேறுபாடு? மக்கள் குடியிருந்தபோது இடிந்த சுவரும் குப்பையும் மண்ணும் விரைவாகச் சேர்ந்திருக்கலாம். பிறகு ஊர் வெறிச்சோடியிருக்கலாம். அல்லது இரண்டு கரித்துண்டுகளும் ஒரே குழியில் எடுக்கப்படாதவையாக இருக்கலாம். இந்தக் கடைசிச் சந்தேகம் உங்களுக்கே தோன்றியிருந்தால் நீங்கள் நல்ல ஆராய்ச்சியாளர்!

ஊரை மூடியது எது? இதற்கு மணலையே கேட்கும் முறை ஒன்று உண்டு. இருட்டில் புதைந்த மணல்மணி, சுற்றுமண்ணில் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தால் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமிக்கிறது, சொட்டுச் சொட்டாக நிரம்பும் குடம்போல. வெயில் பட்டால் குடம் காலியாகிவிடும். ஆகவே வெயில் படாமல் மணலை எடுத்து, சோதனைச்சாலையில் ஒளியைச் செலுத்தி அந்த ஆற்றலை அளந்தால், அது கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது என்று தெரிந்துவிடும். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் கீழடி மண்ணை இவ்வாறு ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன் வைகை வெள்ளம் கொண்டுவந்த மண் கட்டடங்களை மூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஊர் இருந்த காலம் வேறு, அது மண்மூடிய காலம் வேறு என்பதைக் கவனியுங்கள்.

விரிசலும் கிணறும்

இப்போது தொடக்கக் கேள்விக்கு மீண்டும் வருவோம். எல்லாப் பாறையும் தேய்ந்தபோது யானைமலை மட்டும் ஏன் தேயவில்லை?

விடை ஒரு சொல்லில் அடங்கும்: விரிசல். நீர் உட்புக விரிசல் வேண்டும். விரிசல் நிறைந்த பாறை விரைவில் மக்கிச் சமவெளியாயிற்று. விரிசல் குறைந்த பாறை எஞ்சி நின்றது. மேலிருந்த சுமை அகன்றதும் பாறை சற்றே விரிந்து, வெங்காயத்தோல்போல் ஏடு ஏடாக உரியும். அதனால்தான் இம்மலைகளின் முதுகு உருண்டு வழுவழுப்பாக இருக்கிறது. இவற்றை எச்சக்குன்றுகள் என்பர்.

இதே விரிசல்தான் உங்கள் கிணற்றுக்கும் உயிர்.

சோதனை 4. ஒரு செங்கல் துண்டையும் ஒரு கருங்கல் துண்டையும் தராசில் எடை போடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மீண்டும் எடை போடுங்கள். செங்கல் நன்றாகக் கனம் கூடியிருக்கும். கருங்கல்லில் வேறுபாடே தெரியாது.

நம் வட்டாரத்தில் நிலத்துக்கடியில் இருப்பது கருங்கல். கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. அப்படியானால் கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? புதிதாகக் கிணறு வெட்டுமிடத்தில் எட்ட நின்று பார்த்தால் தெரியும். மேலே மண், அதற்கடியில் சரளை, அதன்கீழ் மக்கி உதிரும் பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கிய அடுக்கு சில இடங்களில் 5 மீட்டர், சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் இருக்கும். நீரில் பெரும்பங்கு அந்த மக்கிய அடுக்கில்தான் தங்குகிறது. அதற்குக் கீழே, கெட்டிப் பாறையின் விரிசல்களில் மட்டும் சிறிது நீர் இருக்கும். ஆழம் போகப்போக விரிசல்கள் இறுகிக் குறைகின்றன.

ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது சிலருக்குத் தண்ணீர் கிடைப்பதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் கல்மாவு பறப்பதும் இதனால்தான். துளை விரிசலைச் சந்தித்தால் நீர். இல்லாவிட்டால் செலவுதான் மிச்சம். "பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, இன்னும் நூறு அடி போனால் கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கை நம் பாறை நிலத்துக்குப் பொருந்தாது. நம்முடைய நீர்த்தொட்டி ஆழமற்றது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மழையால் அது மீண்டும் நிரம்பினால்தான் உண்டு. மழையைத் தேக்கி மெல்ல உள்ளே இறக்கும் வேலையைக் கண்மாய்கள் செய்கின்றன. கண்மாய் தூர்ந்தால், வரத்துக் கால்வாய் அடைபட்டால், அதன் கீழுள்ள கிணறுகள் வற்றும்.

மேலூர் அருகே அரிட்டாபட்டியில் இதைத் தெளிவாகக் காணலாம். வரிசையாக ஏழு குன்றுகள். பெய்த மழை விரிசல்களில் இறங்கிச் சுனைகளாகக் கசிகிறது. மீதி வழிந்து குளங்களில் சேர்கிறது. 72 குளங்களுக்கும் 200 சுனைகளுக்கும் இக்குன்றுகளே நீர்ப்பிடிப்பு என்று கூறி, 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதனை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில், இப்பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமப் பகுதி ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. டங்ஸ்டனும் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. சுனையும் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஓர் ஊர் முடிவு செய்யவேண்டுமானால், அந்த ஊரில் சிலராவது பாறையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புவி அறிவியல் என்னும் துறை

பாறை, மண், நீர், காற்று, கடல் ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் துறையே புவி அறிவியல். பாறையையும் பூமியின் வரலாற்றையும் ஆராய்வது நிலவியல். ஆறு, கிணறு, நிலத்தடி நீர் பற்றியது நீரியல். மழையும் காற்றும் வானிலையியலைச் சேர்ந்தவை. கடலுக்குக் கடலியல். பெயர்கள் வேறானாலும் பொருள் ஒன்றோடொன்று பின்னியது. நாம் ஒரு மலையைக் கேட்கத் தொடங்கி, யுரேனியம், ஆறு, பழைய ஊர், மழை எல்லாவற்றையும் தொட்டுவிட்டோம்.

இத்துறையில் ஒரு சிக்கல் உண்டு. மலையைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவர முடியாது. 55 கோடி ஆண்டு காத்திருக்கவும் முடியாது. ஆகவே புவி விஞ்ஞானி துப்பறிவாளரைப்போல வேலை செய்கிறார். எஞ்சிய தடயங்களைச் சேர்க்கிறார். சிறு அளவில் சோதனை செய்கிறார். இரண்டு வெவ்வேறு வழியில் வந்த விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்.

நீங்களே ஆராயுங்கள்

இந்த ஆண்டு முழுவதும் செய்யக்கூடிய ஓர் ஆராய்ச்சி இதோ. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

1. கைப்பிடிச் சுவர் உள்ள ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கிணற்றுக்குள் இறங்கவே கூடாது.

2. கயிற்றில் கல்லைக் கட்டி, சுவரின் ஒரே இடத்திலிருந்து இறக்கி, நீர்மட்டம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று ஞாயிறுதோறும் அளந்து எழுதுங்கள்.

3. நேர்ச்சுவர் உள்ள அகன்ற டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை பெய்த நாளெல்லாம் சேர்ந்த நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

4. தொடங்குமுன் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள். மழை பெய்த எத்தனை நாளில் கிணற்று நீர் உயரும்? கண்மாய்க்குக் கீழுள்ள கிணறு முதலில் உயருமா, மேட்டுக் கிணறு முதலில் உயருமா?

5. ஊகம் தவறிப்போனால் அதை அழித்து எழுத வேண்டாம். தவறிய ஊகமும் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஏன் தவறியது என்று தேடும்போதுதான் புதிய செய்தி கிடைக்கும்.

6. இரண்டு மூன்று நண்பர்கள் வெவ்வேறு கிணறுகளை அளந்து, வரைபடத் தாளில் கோடு வரைந்து ஒப்பிடுங்கள். மாட்டுப் பொங்கலுக்குள் முதல் வரைபடம் தயாராகிவிடும்.

பத்து ஆண்டு தொடர்ந்து எழுதிய இத்தகைய ஒரு குறிப்பேடு உங்கள் ஊருக்குப் பெரும் சொத்து. எந்தக் கண்மாயைத் தூர் வாரினால் எந்தக் கிணறு பிழைக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் கேள்வி எழும்போது, ஊகத்தை விட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்து பதில் சொல்லலாம்.

சிந்திக்க

1. நாகமலை நீண்ட முதுகுபோலவும் யானைமலை ஒற்றைத் திரளாகவும் இருப்பதற்கு என்ன காரணம் இருக்கலாம்? இரண்டு ஊகங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சோதிக்க என்ன பார்க்க வேண்டும்?

2. ஆற்றில் மணலை முழுவதும் அள்ளிவிட்டால் கரையோரக் கிணறுகளுக்கு என்ன ஆகும்? சோதனை 4-ஐ மாற்றியமைத்து இதைக் காட்ட முடியுமா?

3. உங்கள் ஊரில் நிலத்தைப் பற்றி வழங்கும் ஒரு கதையைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கதை உண்மையானால் நிலத்தில் என்ன அடையாளம் இருக்க வேண்டும்?